கொள்ளிடத்துச் சிவப்புக் குஞ்சுகள்

ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி எனக்கொரு மீன் தொட்டி செய்து கொடுத்தார். அதில் விட மீன் தேடிக் கொள்ளிடத்துக்குப் போனேன். கரையோரக் குட்டையில் குங்குமத்தைக் கரைத்து விட்டதுபோல் ஒரு சிவப்புத் திட்டு நகர்ந்துகொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கித் துண்டால் அரித்தேன். செக்கச்செவேலென்று முப்பதுக்கு மேல் குஞ்சுகள். என்ன மீன் என்று எனக்குத் தெரியாது. மீன் நுழையாத வீட்டில் பிறந்தவன்.

என் மனைவி தினமும் சோற்றை மசித்துத் தூவுவாள். குஞ்சுகள் பருக்கைகளைச் சுற்றி வரும். தின்கின்றன என்றே நினைத்தோம்.

பத்து நாளில் பாதியைக் காணோம். பக்கத்து வீட்டு மாமியின் பூனைமேல் சந்தேகம் விழுந்தது. போய்க் கேட்டேன்.

"எங்காத்துப் பூனை பாலைத் தவிர எதையும் தொடாது" என்றார் மாமி.

"அப்போ மீனெல்லாம் எங்கே போறது?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தொட்டியைப் பலகையால் மூடி, மேலே குழவிக்கல்லை ஏற்றினேன். அப்படியும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி முகம் சவரம் செய்த நிலையில் தொட்டியைப் பார்த்தேன். கொழுத்த குஞ்சு ஒன்றின் வாயிலிருந்து சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அது இன்னொரு குஞ்சின் வால். துடித்தது. இரண்டு மூன்று முறை வாய் அசைந்தது. வால் உள்ளே போய்விட்டது.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அடியில் பருக்கைகள் அப்படியே ஊறிக் கிடந்தன.

"எல்லாம் பசிதான்" என்றாள். "இத்தனை நாளா நாமதான் இதுகளைப் பட்டினி போட்டிருக்கோம்."

முகத்தில் சோப்பு காய்ந்து இழுக்கும்வரை அங்கேயே நின்றேன்.

மிஞ்சிய ஆறு குஞ்சுகளையும் சொம்பில் எடுத்துக்கொண்டு அன்றே குட்டைக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். இங்கே அள்ளியவை என்றேன்.

"விரால் குஞ்சுங்க சாமி. பூச்சி புழுதான் திங்கும். தாயும் தகப்பனும் கூடவே நின்னு காவல் காக்குமே. ஆளு வந்தா முட்டும். நீங்க அள்ளினப்ப முட்டலையா?"

முட்டியது. துண்டை அமிழ்த்தியபோது கணுக்காலில் இரண்டு முறை ஏதோ வேகமாக வந்து மோதியது. மரக்கட்டை என்று நினைத்துக் காலால் உதைத்துத் தள்ளியிருந்தேன்.

குஞ்சுகளை விட்டேன். ஆறும் ஆறு பக்கமாகக் கலைந்தன. பெரிய மீன் எதுவும் வரவில்லை.

சாயங்காலம் மாமி வீட்டுக்குப் போய், "பூனை இல்லை மாமி, நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன்.

"பின்னே எங்கே போச்சாம்?"

"செத்துப்போச்சு" என்றேன்.




"பாவம்" என்றார் மாமி. உட்காரச் சொன்னார். உட்காரத் தோன்றாமல் வந்துவிட்டேன்.