போர்டு இருந்தும் கேட்டேன்

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் காகிதம் வைத்து எழுதி, படம் பிடித்துப் போடுகிறேன்.

இந்த வயதில் படிக்கக் கற்ற புதிதில், இனி பஸ் போர்டை நானே படிப்பேன் என்று முடிவு செய்திருந்தேன். மக்காச்சோள அறுவடை அலுப்பில் அது விட்டுப்போயிற்று.

இன்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில், எதிரில் நின்ற பஸ்ஸைக் காட்டி, பழைய பழக்கப்படி என் வயதுக்காரர் ஒருவரைக் கேட்டேன்: "இது எங்கங்க போவுது?"

"யார்னா சொல்லுவாங்கன்னுதான் நானும் நின்னுக்கினு இருக்கேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாதாங்க?"

"தெரியுமே!"

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பின்பக்கப் போர்டை எழுத்துக்கூட்டினேன்: நைனார்பாளையம். என் ஊர்!

சே, என்ன மனுஷன் நான்!

அவரோ, "அட, படிக்கிறீங்களே! ரிஷிவந்தியம் வண்டி வந்தா சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இனி ஒவ்வொரு போர்டையும் படித்தே ஆகவேண்டும். உங்களையும் யாராவது இப்படி மாட்டிவிட்டதுண்டா?