நாலு கட்டை இருதயநாதன்

மரக்காணம் உப்பளத்து மேஸ்திரி இருதயநாதனுக்குத் தன் குரல்மேல் அபார நம்பிக்கை. ஊரில் அந்த நம்பிக்கை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. பதினெட்டு வருஷம் கோயில் பாடற்குழுவில் கடைசி வரிசையில் நின்றவருக்கு, எழுபத்து நாலாம் வருஷத் திருவிழாவில்தான் ஃபாதர் மனமிரங்கித் தனிப்பாட்டு ஒன்று கொடுத்தார். இதைக் கோட்டைவிட்டால் சாகும்வரை கடைசி வரிசைதான் என்பது அவருக்கே தெரியும்.

ஆர்மோனியம் வாசிக்கத் திண்டிவனத்து அரசப்பனைப் பேசியிருந்தார்கள். அவர் முதல் நாளே பஸ் பிடித்து, இருதயநாதனைத் தேடி உப்பளத்துக்கு வந்துவிட்டார்.

“ஒத்திகைக்கு நேரமில்லைங்க. நாளைக்குக் காலையில நேரா கோயிலுக்கு வந்துடறேன். உங்களுக்கு எத்தனை கட்டை?”

அது பாத்தித் தரையை இடித்துக் கெட்டிப்படுத்துகிற மாதம். உப்பளத்தில் கட்டை என்றால் தரை இடிக்கிற திமிசுக்கட்டை. வெளியூர் மனுஷன் நம் பிழைப்பை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று இருதயநாதனுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

“நாலுங்க. இன்னொண்ணு சொல்லிவெச்சிருக்கேன், வந்தா அஞ்சு.”

அரசப்பன் அவரை மரியாதையாக ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவதே வழக்கம். நாலு கட்டைக்குத் தனித் தொண்டை வேண்டும்.

மறுநாள் ஆர்மோனியம் எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நின்றது. பல்லவியை இருதயநாதன் குதிகாலைத் தூக்கிக்கொண்டு பாடிவிட்டார். அநுபல்லவியில் கழுத்து நரம்பு புடைத்தது. சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு எம்பினார். குரல் கீச்சென்று உடைந்து, அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த மனைவி ஜோசப்பின், முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் ஃபாதர் அரசப்பனைப் பிடித்துக்கொண்டார். “இவ்ளோ மேல வாசிச்சா யாரால பாட முடியும்? இனிமே நீங்க வர வேணாம்.”

“அவருதான் நாலு கட்டைன்னாருங்க” என்றார் அரசப்பன், முகம் சுண்டிப்போய்.

இருதயநாதனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பழி அங்கேயே கிடக்கட்டும் என்று வாயை மூடிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அவருமேல தப்பில்ல சாமி. நான் தரை இடிக்கிற கட்டைய சொன்னேன்.”

ஃபாதர் சிரித்த சிரிப்பில் விஷயம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் பெயரே நாலு கட்டை. ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஃபாதர் பாட்டையும் அவருக்கே கொடுத்தார், அரசப்பனையும் வரச்சொன்னார். அரசப்பன் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, சிரிக்காமல் கேட்டார்.

“எத்தனை கட்டைங்க?”

“ஒண்ணுங்க” என்றார் இருதயநாதன். “இந்தவாட்டி தொண்டையத்தான் சொல்றேன்.”