டெஸ் வைத்த வெல்டிங்

கேஸ் வெல்டிங் சாமான் வாங்கிய வகையில் க்ளாரி ட்ரெசைஸ் 1967-இல், அடிலெய்டுக்கு அந்தப் பக்கம் கடலுக்குள் நீண்ட தீபகற்பத்தில், கடினா ஊர் வியாபாரிக்கு நானூற்றுப் பன்னிரண்டு டாலர் கடன்பட்டிருந்தார். பதினான்கு மாதத்தில் தீர்த்தார். யார் கைகொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவர், உடைந்த இரும்பைப் பார்த்துப் பார்த்தே தொழில் படித்தவர். அதற்குப் பிறகு நாற்பது வருஷம். கலப்பை, அடுப்பு, கல்லறைக் கம்பிவேலி, எதைக் கொண்டுவந்தாலும் திருப்பியனுப்பியதில்லை. அந்தத் தீபகற்பத்தில் அவர் கைபடாத கோதுமைப் பண்ணை இருந்தால் காட்டுங்கள்.

வறட்சியில் வெர்னா பாஸ்கோவின் பண்ணையை பேங்க்காரன் ஏலத்தில் விட்டான். ஊருக்குள் எடுத்த ஒற்றை அறைக்கு அவள் கொண்டுபோக நினைத்தது பழைய மிதி தையல் மெஷின் ஒன்றைத்தான். அதையும் ஆட்கள் தூக்கும்போது தவறவிட்டார்கள். பூங்கொடி வடிவில் வார்த்த இரும்புக் கால் இரண்டாகிவிட்டது. அப்படியே க்ளாரியின் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள்.

உடைந்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி ஒரு பழைய வெல்டிங் புடைத்துக்கொண்டிருந்தது. கலப்பைக்கு வைக்கிற கம்பியை வைத்தே வெர்னாவின் புருஷன் டெஸ் என்றோ ஒட்டியது. டெஸ் செத்து மூன்று வருஷம்.

"கோழி எச்சம் போட்ட மாதிரி பண்ணியிருக்கான் உன் ஆளு," என்றார் க்ளாரி. "கால் வார்ப்பிரும்பு, இவன் வெச்ச கம்பி எஃகு. முழுசா அரைச்சு எடுத்தாத்தான் என் வேலை நிக்கும். இல்லேன்னா பக்கத்து இரும்பைக் கிழிச்சிரும்."

"அதைத் தொடாத க்ளாரி. பண்ணை போச்சு. அவன் கைவேலைன்னு எனக்கு வேற என்ன இருக்கு?"

அப்போதே முடியாது என்றிருக்க வேண்டும். அந்தச் சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லை. தன்னிடம் விட்டுவிட்டு நிம்மதியாகப் போகச் சொன்னார்.

டெஸ்ஸின் வெல்டிங்கை அப்படியே விட்டு, கால் முழுவதையும் கரியில் சீராகச் சூடேற்றி, பித்தளைக் கம்பியை உருக்கி ஓட விட்டு, டிரம்மில் சுண்ணாம்புத் தூளுக்குள் புதைத்து இரண்டு நாள் ஆற விட்டார். வெளியே எடுத்தபோது அவர் வைத்த ஒட்டு எது என்று விரலால் தடவித்தான் சொல்ல முடியும். பக்கத்துக் கொட்டகை லான்ஸைக் கூப்பிட்டு, அடிலெய்டில் எவனாவது இதைப் பண்ணிக் காட்டட்டும் என்றார்.

வெர்னா வந்தாள். மெஷினைப் பூட்டிக் கொடுத்ததும் அங்கே கிடந்த ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து மிதித்தாள். சக்கரம் நன்றாகச் சுற்றியது. அவள் சிரித்தபடி நிமிர்ந்த நேரம், கண்ணாடிக் கிளாஸ் தெறித்தது போல் ஒரு சத்தம். டெஸ்ஸின் வெல்டிங் ஓரத்தில் கிளம்பிய விரிசல் கொடி வழியே அடிவரை ஓடிவிட்டது. கால் மூன்று துண்டு.

க்ளாரி மண்டியிட்டுப் பார்த்தார். பற்றவைக்க நல்ல இரும்பு மிச்சமில்லை.

"இன்னொரு தடவை?" என்று கேட்டாள் வெர்னா.

"முடியாது."

"அப்ப பழைய இரும்புக்குப் போட்டுரு."

"டெஸ் ஒட்டுன துண்டையாவது வெச்சுக்கோயேன்."

"அதுதானே உடைச்சுது."

எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் விடவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, சுண்ணாம்பு படிந்த விரல்களைப் பிரித்து, அந்த உள்ளங்கையில் இருபது டாலர் நோட்டு ஆறை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்.