மர்ழியா டீச்சர் கொடுத்துவிட்டுப் போன நீர்

ஆசிரியர் ஓய்வறையில் இருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. மர்ழியா டீச்சர் வபாத்தாகிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பின் கற்பிட்டியில் நல்லடக்கம். சில மாதங்களாக, கைபேசி ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் நான் எதிர்பார்த்துப் பயந்த செய்தி.

அவர் புவியியல் கற்பித்தார், நான் இரசாயனவியல். பக்கத்து வகுப்பிலிருந்து அவர் குரல் சுவரைத் தாண்டிக் கேட்கும். பின்னர் பாடத்தின் நடுவே மூச்சு வாங்கி அந்தக் குரல் நிற்கத் தொடங்கியது. நானும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். கடற்காற்று என்றார்கள், தூசு என்றார்கள். கொழும்பு மருத்துவமனையில்தான் தெரிந்தது: நுரையீரலைத் துப்புரவாக்கும் கலங்களை அவருடைய உடலே முடக்கிக்கொண்டிருந்தது. அகற்றப்படாத கசடு நுரையீரலில் நிறைந்துவிடும், மிக அரிதான நோய். மயக்கத்தில் கிடத்தி உப்புநீரால் நுரையீரலைக் கழுவுவார்கள்; சில மாதங்களில் மீண்டும் நிறைந்துவிடும்.

முதல் தடவை கழுவியபின் பார்க்கப் போனேன்.

"உள்ளுக்குக் கழுவியாச்சு மிஸ். வெளிய கழுவுறது மட்டும்தான் மிச்சம்" என்று சிரித்தார். மையித்தை அடக்குமுன் குளிப்பாட்டுவதைச் சொல்கிறார் என்று விளங்கியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கலங்களை எழுப்பும் மருந்தைச் சுவாசிக்கக் கொடுக்கும் முயற்சி பற்றி இளம் வைத்தியர் விளக்கினார். இந்த நோயை ஆராய்வது வேறு நுரையீரல் நோய்களின் மருந்துகளுக்கும் வழிகாட்டலாம் என்றார். பிறகு தயங்கியபடி, மரணத்துக்குப் பின் நுரையீரலைத் தருவாரா என்று கேட்டார்.

"மௌத்தாப் போனா ஒடனே அடக்கணும் மகன். அப்ப கேக்காதீங்க. இப்ப கேளுங்க, தாரன்."

அன்றிலிருந்து, கழுவி எடுத்த பால்போன்ற நீரைப் போத்தல்களில் ஆய்வுக்குக் கொடுத்தார்.

"நாலு பேருக்கு வாற வருத்தத்துக்கு ஆர் மருந்து செய்யப்போயினம், டீச்சர்?" என்றேன்.

"அந்த நாலு பேர்ட்டப் படிச்சாத்தானே நாப்பது பேருக்குச் செய்யலாம்? சயன்ஸ் படிச்ச நீங்களே ஒண்டையும் நம்ப மாட்டீங்க!"

கடைசித் தடவை கழுவியபின் தொற்று ஏற்பட்டது. மூச்சு மீளவில்லை.

நல்லடக்கத்துக்கு மறுநாள் வைத்தியரை அழைத்து, போத்தல்களில் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் திறக்கேல்ல மிஸ். அனுமதி வரேல்ல. நானும் அடுத்த மாசம் வெளிநாடு போறன்."

"அப்ப அதை ஆர் பாப்பினம்?"



டீச்சர், நீங்கள் கேட்டபடியே உங்களை உடனே அடக்கினார்கள். மண்ணுக்குப் போகாத கொஞ்சம் மட்டும், பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் ஒட்டப்பட்டு, கொழும்பில் உறைந்து கிடக்கிறது. நேற்று மாலை இங்கே மின்சாரம் போனது. அங்கே ஜெனரேட்டர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெளிச்சம் திரும்பும்வரை கதிரையை விட்டு எழவில்லை. உங்கள் போத்தல்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். போய்வாருங்கள்.