மோர்மிளகாய் எடுக்கப் போன பேய்

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அகரத்தைத் தாண்டி, கனகாம்பரக் காட்டுக்கு நடுவில் நிற்கிற மாடி வீடு. அதற்காக நீங்கள் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை தொலைக்காட்சியில் போடுவார்களே ஒரு பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம், அதில் வரும் பங்களா அதுதான். வெள்ளைச் சேலை கட்டிய உருவம் கையில் விளக்கோடு மாடி வராந்தாவில் நடந்து போகும். ஊஞ்சல் தானாக ஆடும். நாயகி வீலென்று அலறி மயங்கி விழுவாள். அவள் விழுந்த இடத்தில்தான் எங்கள் ஆட்டுக்கல் கிடந்தது.

பிறந்து வளர்ந்த வீட்டை ஊரே பேய் பங்களா என்று கூப்பிட்டால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எரிச்சலாக இருக்கும். பஸ் கண்டக்டர் "பேய் பங்களால்லாம் எறங்கு" என்பார். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார வந்தவள் முதலில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எனக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது. அதன் பிறகும் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

வீட்டைக் கட்டியவர் அப்பாவின் தாத்தா. புகையிலை வியாபாரத்தில் செழிப்பாக இருந்த மனிதர். மாடி அறைகளை ஆள் தங்குவதற்காகக் கட்டவில்லை, புகையிலைச் சிப்பம் அடுக்குவதற்காகக் கட்டினார். படத்தில் எலும்புக்கூடு தொங்குமே, அது அந்த அறைதான். சினிமாக்காரர்கள் வந்து இறங்கியபோது அப்பாவுக்கு மீசை அரும்புகிற வயது. நாயகி அந்த அறைக்குள் கால் வைத்தாலே தும்முவாளாம். பயந்து நடுங்க வேண்டியவள் தும்மித் தும்மியே ஒரு நாள் வேலை வீணாகப் போனது என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இன்னொன்றும் சொல்வார். படத்தில் வருகிற நடுராத்திரி முழுக்க உச்சி வெயிலில் எடுத்தது. கேமராவுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் பகல் ராத்திரியாகிவிடும். பேயாக நடந்த ஆளுக்குத் தரைச் சூட்டில் கால் பொத்துப்போய், ஒவ்வொரு தடவை நடந்து முடித்ததும் வாளித் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

அப்பாவுக்கு அது வேடிக்கை. அம்மாவுக்கு அப்படியில்லை. அம்மா பிறந்தது எரியோட்டில். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே டூரிங் டாக்கீஸில் அந்தப் படம் வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்களோடு போயிருக்கிறாள். ஊஞ்சல் ஆடுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலும்புக்கூட்டைக் கண்டதும் எழுந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிட்டாள். மிச்சப் படத்தை அவள் பார்க்கவே இல்லை. சில வருஷம் கழித்துக் கல்யாணமாகிப் புருஷன் வீட்டு வாசலில் வந்து நின்று, ஆரத்தி சுற்றி முடிந்ததும் தலை நிமிர்ந்து பார்த்தால், அதே மாடி வராந்தா.

மயங்கி விழவில்லை. ஆனால் ஒரு வாரம் மாடிப்படிப் பக்கம் போகவில்லை, ராத்திரியில் கொல்லைக்குப் போகவில்லை, யாரிடமும் காரணமும் சொல்லவில்லை. அப்பாவாகக் கண்டுபிடித்துக் கேட்டபோதுதான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"அடி கிறுக்கி, அது பேயே இல்லடி. கணக்குப்பிள்ளதான் தலையில விக்கு வெச்சுக்கிட்டு வாரான். சொத்த அமுக்குறதுக்கு. கடைசியில போலீசு வந்து விக்கப் பிடுங்குதுல்ல? கடைசி வரைக்கும் பாத்திருந்தா உனக்கு இம்புட்டுப் பாடு உண்டா?"

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது ஒரு வைராக்கியமாகிவிட்டது. பேயைப் பற்றி வாயெடுக்கும் யாரையும் அவள் விட்டதில்லை. "கடைசி வரைக்கும் பாத்தீகளா?" என்பாள். பார்த்திருக்க மாட்டார்கள், அல்லது பார்த்தது மறந்திருக்கும். கணக்குப்பிள்ளையையும் விக்கையும் பற்றி முழுசாகச் சொல்லித்தான் அனுப்புவாள். எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு, அந்தப் படம் போடுகிற நாட்களில் பூப்பறிக்கிற பெண்கள் எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்வார்கள். குழிப்பணியாரம் சுட்டு மூடி வைத்திருப்பாள். போலீஸ் விக்கைப் பிடுங்கிய பிறகுதான் மூடியைத் திறப்பாள். பணியாரத்துக்காக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், அது வேறு விஷயம்.

என்னைப் பெண் பார்க்கச் சித்தையன்கோட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஊஞ்சலைக் கண்டதும் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அம்மா வழக்கம்போலக் கேட்டாள்: "கடைசி வரைக்கும் பாத்தீகளா?" அந்த அம்மாள், "அதெல்லாம் எதுக்குங்க, பாத்த வரைக்கும் போதும்" என்றார். கேசரியைச் சாப்பிட்டார்கள், போனார்கள். பேய் வீட்டுக் கேசரி மட்டும் இனித்தது போலிருக்கிறது. பிறகு சினிமாவே பார்க்காத ஒரு குடும்பம் கிடைத்து, நான் கல்யாணமாகித் திண்டுக்கல் டவுனுக்கு வந்தேன். தம்பி படித்து முடித்துப் பெங்களூருக்குப் போனான்.

அப்பா போன பிறகு அம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினாள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இந்தக் காலத்தில் யாரம்மா வெள்ளை கட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு முறை போகும்போதும் சண்டை போடுவேன். "உங்கப்பாவுக்குன்னு செய்ய எங்கிட்ட வேற என்னா இருக்கு? விடு தாயி" என்பாள். டவுனுக்கு வந்து எங்களோடு இரு என்றாலும் வர மாட்டாள். அங்கே அவள் தனியாக இல்லை, அதுதான் உண்மை. விடிந்தால் பூப்பறிக்கிறவர்கள் தண்ணீருக்கும் காபிக்கும் வந்துவிடுவார்கள். சமையலுக்குத் துணையாக அதே ஊர் அக்கா ஒருவர் வருவார். பேச ஆள் இருந்தது, அதட்ட ஆள் இருந்தது. அந்த வீட்டில் அப்படியே இருந்து போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு நாள் பிற்பகல் நான்கு இளைஞர்கள் இரண்டு பைக்கில் வந்திருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அம்மா மோர் கொடுத்தாள். இது அந்தப் படத்து வீடுதானே பாட்டி என்றார்கள். அம்மாவுக்குக் கேட்கவா வேண்டும்? உட்காரவைத்து எல்லாம் சொன்னாள். நாயகி தும்மியது, கறுப்புக் கண்ணாடி, வாளித் தண்ணீர், கணக்குப்பிள்ளை, விக். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில் தாழ்ந்ததும் அம்மா மாடி வராந்தாவில் காயப்போட்டிருந்த மோர்மிளகாயை எடுத்துவரப் போயிருக்கிறாள். குனிந்து சுளகில் அள்ளி நிமிர்ந்தபோது அந்தப் பையன்கள் இன்னும் ரோட்டோரமாக நிற்பது தெரிந்தது. பத்திரமாகப் போய்வாருங்கள் என்று கையை ஆட்டினாள்.

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியது என் தம்பி. குடும்பக் குழுவில் சிரிக்கிற முகங்களோடு போட்டிருந்தான்: "நம்ம வீடு மறுபடி ஃபேமஸ்!" இருட்டு. கறுப்பு வெள்ளை. நாய் ஊளை, கொலுசுச் சத்தம். மாடி வராந்தாவில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் உருவம் மெல்ல மெல்லக் குனிகிறது, மெல்ல மெல்ல நிமிர்கிறது. சுளகு தெரியாதபடி கீழே வெட்டியிருந்தார்கள். பிறகு அது இந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கி அசைக்கிறது. "கூப்பிடுகிறது!" என்று பெரிய எழுத்தில் வந்தது. முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்த விதத்தில் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பிக்குத் தெரியவில்லை. பெற்ற தாயைப் பேய் என்று நினைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தான். போன் போட்டுக் கத்தினேன். "ஓ, அம்மாவா?" என்றான். "செமையா இருக்காங்கல்ல?"

அந்த வீடியோவுக்குக் கீழே, இது என் அம்மா, உயிரோடு இருக்கிறாள், மோர்மிளகாய் எடுக்கப் போனாள் என்று எழுதினேன். "அப்ப நீ பேய் மகளா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு எத்தனையோ பேர் இதயம் போட்டிருந்தார்கள். வீடியோ போட்ட பையன்கள் விளம்பரத்துக்காகக் கொடுத்திருந்த எண்ணைத் தேடிப் பேசினேன். போனை எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அக்கா, கோவப்படாதீங்க. கற்பனைன்னு கடைசில தெளிவா போட்டிருக்கோமே. நீங்க கடைசி வரைக்கும் பாக்கலயா?"

பார்த்தேன். போட்டிருந்தார்கள், எறும்பு சைஸில். அந்தப் பையனுக்குத்தான் அம்மா மோர் ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

அதன் பிறகு பைக்குகள் வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை என்றால் கும்பலாக வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று, "ஏய் பேயி, வெளிய வா" என்று கத்தினார்கள். மாடி ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் செய்ததைக்கூட அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூப்பறிக்கிறவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றதுதான் அவளை உடைத்துவிட்டது. "எங்களுக்குத் தெரியாதாம்மா? வீட்டுல போகாதங்குறாக" என்றார்கள். அவள் கையால் எத்தனை வருஷம் காபி வாங்கிக் குடித்தவர்கள். சமையலுக்கு வந்த அக்காவின் மகள் முழுகாமல் இருந்தாள். அந்த வீட்டுக்குப் போய்விட்டு இங்கே வரக்கூடாது என்று சம்பந்தி சொல்லிவிட்டார்களாம். அக்கா அழுதுகொண்டே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அழுகை உண்மைதான். வரவில்லை என்பதும் உண்மைதான்.

ஒரு நாள் அம்மா போனில் கூப்பிட்டாள். "வரும்போது கலர் சேல ரெண்டு எடுத்தா தாயி. வெள்ளை வேணாம்."

எத்தனை வருஷமாக நான் கெஞ்சியது. அப்பாவுக்காகக் கட்டியதை அவனுகளுக்காக அவிழ்க்கிறாள். சின்னாளப்பட்டிச் சுங்குடியில் ஒரு பச்சை, ஒரு அரக்கு எடுத்தேன். கடைக்காரர், "நல்ல செலக்‌ஷன்க்கா, யாருக்கு?" என்றபோது பணத்தை எண்ணி நீட்டினேன். அம்மா பச்சையைக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாடி வராந்தாவில் போய் நின்றாள். நான் கீழே வாசலில் நின்றேன். ரோட்டில் நின்ற பையன்களில் ஒருவன் கத்தினான்: "டேய், பேய் டிரஸ் மாத்திருச்சுடா!"

அவர்கள் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. அம்மா கீழே இறங்கி வந்து, "கெளம்பலாம்" என்றாள். துணிமணியை எடுத்துக்கொள்ள நான் உள்ளே ஓடினேன். மோர்மிளகாய் டப்பாவை எடுக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். பூட்டியவள் அவள்தான். அதன் பிறகு அந்தச் சாவி எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். எங்கள் டவுன் வீட்டுக் கூடத்தில் அம்மா பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். மாற்றலாமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் பொங்கல் கொடுக்க வந்தவள் அப்படியே எங்களோடு உட்கார்ந்துவிட்டாள். ஊஞ்சல் ஆடியது. "இந்தப் பங்களா நம்ம அகரம் பக்கம்தான் இருக்காம்க்கா" என்றாள் என்னிடம். "இன்னமும் ஒரு கெழவிப் பேய் அங்க சுத்துதாம். நானே வீடியோவுல பாத்தேன். கையக் காட்டிக் கூப்பிடுது." நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவளே சொல்லப்போகிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

அவள் சொல்லவில்லை. விளம்பர இடைவேளையில், அடுப்பில் பால் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் எழுந்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள், கடைசியைப் பார்க்காமல் எழுந்து போகிற ஒருத்தியை விட மாட்டாள் என்று கதவு சாத்துகிற வரைக்கும் காத்திருந்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

படம் மறுபடி தொடங்கியது. எங்கள் வீட்டு கேட்டுக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தது.

"அணச்சுரு தாயி" என்றாள் அம்மா.

"இன்னும் செத்த நேரந்தாம்மா. கடைசி வந்துருச்சு."

"வந்து என்னா?" என்றாள்.

நான் அணைத்துவிட்டேன்.