ஐம்பத்து நான்கு

தனுவச்சபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் நிலையம் ஒன்றில் விலாசினி பதினோரு வருடமாக உளவியலும் புள்ளியியலும் நடத்துகிறாள். வீடு செங்கல் என்ற ஊரில். வறண்ட பாடத்தைக்கூடப் பிள்ளைகளுக்குப் புரிய வைத்துவிடுவாள் என்று பெயர்.

போன ஜூலையில் ஒருநாள், மனச்சோர்வை அளக்கும் இருபது கேள்விகள் கொண்ட தாளை வகுப்பிலேயே நிரப்பச் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். "பேரு எழுதண்டாம் மக்களே. நம்ம கணக்குக்கு மட்டுமாக்கும்."

இருபத்து மூன்று தாள்கள் வந்தன. சராசரி பதினைந்து. எல்லாவற்றையும் வரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் பன்னிரண்டு; அதுதான் இடைநிலை. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டாள். ஒரு தாளை உயர்த்திக் காட்டினாள்.

"இந்த ஐம்பத்து நாலுதான் காரணம். தனியா தூரத்தில நிக்குது பாத்தியளா? இதுக்குப் பேரு அவுட்லையர். சராசரிய இழுத்துக்கிட்டுப் போயிரும், இடைநிலைய அவ்வளவா அசைக்காது. இத எடுத்துட்டு சராசரியப் போட்டுப் பாருங்க."

பதின்மூன்று சொச்சம் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஷீஜாவும் சிரித்தாள். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்.

ஒன்பதாம் நாள் ஷீஜா உயிரை மாய்த்துக்கொண்டாள்.

சாவு வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். "அவளுக்க மொகத்தப் பாத்து அப்பளே நெனச்சேன்" என்றார் ஒருவர். நடந்து முடிந்த பிறகு முன்பே தெரிந்ததுபோல் தோன்றும் இந்த மயக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதை விலாசினி வருடா வருடம் நடத்துகிறாள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. நடப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அந்த ஐம்பத்து நான்கு தாள் நிலையத்தில் இருந்தது.

மறுநாள் நிலையத்துக்குப் போய் அந்தத் தாளை எடுத்தாள். தலை தட்டையான மூன்றுகள், பதினான்கு இடத்தில். ஷீஜாவின் நோட்டுகளைத் திருத்தும்போது எத்தனையோ முறை பார்த்த எண்கள்.

நிலையத்தை நடத்தும் கனகதாஸ் தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"டீச்சரே, இதக் கிழிச்சுக் களையுங்க. பேரில்லாத கடலாசாக்கும். யாரு கேக்கப் போறா?"

"அவளுக்க அம்மைக்குத் தெரியண்டாமா?"

"தெரிஞ்சா பிள்ள திரும்பி வருவாளா?"

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த பிறகு விலாசினி ஒற்றசேகரமங்கலத்துக்குப் போனாள். ஷீஜாவின் அம்மா சரோஜம் நாற்காலி எடுத்துப் போட்டாள். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்க மவளுக்க மூணாக்கும் இது. ஒண்ணாம் கிளாசிலயும் இப்பிடித்தான் போடுவா. என்னைக்கு எழுதினது?"

"அதுக்கு ஒம்பது நாளு முன்னால."

"நீங்க பாத்தியளா?"

"பாத்தேன். ஆருக்க தாளுன்னு தேடல. கணக்கிலேருந்து எடுத்துக் களைஞ்சேன்."

சரோஜம் அழவில்லை, ஏசவும் இல்லை. "ஒம்பது நாளு உண்டும்லா டீச்சரே" என்றாள். தாளை மடித்து உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வரவில்லை. விலாசினி முற்றத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு இறங்கி நடந்தாள்.

இந்த வருடம் அதே பாடம் வந்தபோது தாளில் பெயர் எழுதச் சொன்னாள். யார் என்று தெரிந்தால் பக்கத்தில் போய் நிற்கலாமே. ஆனால் பெயர் எழுதிய கைகள் கூசின. பத்தொன்பது பிள்ளைகளில் ஒருவர்கூடப் பத்தைத் தாண்டவில்லை. சராசரி நான்கு. தூரத்தில் நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை. பிறர் பார்ப்பார்கள் என்றால் மனிதர்கள் நல்லபடியாகவே பதில் சொல்வார்கள் என்பதும் அவள் நடத்துகிற பாடம்தான்.

விலாசினி தாள்களை ஓரமாக வைத்தாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து, வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னாள். முதலில் வந்தது ஜிஜி.

"சொகந்தானே மக்கா?"

"சொகம் டீச்சர்" என்றாள் ஜிஜி. அவள் தாளில் இருந்தது இரண்டு. விலாசினி தாளைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து எதையும் படிக்க அவளுக்குத் தெரியவில்லை.