தாத்தாவின் பிரஷர் நோட்டு

ராணுவத்திலிருந்து லீவில் வந்த மாமா ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வந்தார். அதனால்தான் நான் பொய் எழுதப் பழகினேன். அப்போது எனக்குப் பத்து வயது.

நாங்கள் சுந்தரபாண்டியத்தில் இருந்தோம். அம்மா ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போவாள். அம்மாவின் அப்பா, போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களோடு இருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சமுதாயக்கூடத்துக்கு மருத்துவ வண்டி வரும். பத்து மணி வண்டிக்குத் தாத்தா எட்டு மணிக்கே குளித்துக் கிளம்பிவிடுவார். வயதானவர்கள் வரிசையில் யார் முந்தி வந்தது என்று ஒவ்வொரு முறையும் தகராறு நடக்கும். அதைத் தீர்த்துவைப்பது தாத்தாதான். பெரும்பாலும் தொடங்கிவைப்பதும் அவர்தான். மாத்திரையோடு வீடு திரும்ப மத்தியானமாகிவிடும்.

மாமாவுக்கு இது பொறுக்கவில்லை.

“இந்த வெயில்ல எதுக்குப்பா போயி நிக்கணும்? எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடையில் மாத்திரைக்கும் சொல்லிவைத்தார். தினமும் காலையில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாமா போனில் கூப்பிடுவார். நான் வாசிக்க வேண்டும். தாத்தா சரியென்று தலையாட்டினார். மகன் ஆசையாக வாங்கிவந்ததை எப்படி வேண்டாம் என்பது?

முதல் வாரம் நூற்று நாற்பது இருந்தது. ஒரு மாதத்தில் நூற்று அறுபத்தைந்து ஆனது. “ஒழுங்காத்தான் கட்டுனியா?” என்று மாமா என்னைத்தான் கேட்டார். பட்டையை இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன். எண் இறங்கவில்லை. தாத்தா பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். பகலெல்லாம் கட்டிலில் கிடப்பார். நான் எதையோ தப்பாக அமுக்கித்தான் அவருக்கு இப்படி ஆகிறது என்று பயந்தேன். ஒரு நாள் மிஷின் நூற்று எழுபது காட்டியது. நான் நூற்று முப்பது என்று எழுதினேன். மறுநாளும் அப்படியே. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கெட்டிக்காரி என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வண்டியில் வரும் நர்சக்கா வீடு தேடி வந்தார். நாலு தடவையாகத் தாத்தாவைக் காணோமே என்று வந்தாராம். அம்மா பெருமையாக நோட்டை எடுத்துக் காட்டினாள். அக்கா தன் மிஷினைக் கட்டிப் பார்த்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை பார்த்தார். நூற்று எண்பது.

“பாப்பா, இதெல்லாம் நீ எழுதுனதா?”

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா கையை ஓங்கினாள். தாத்தா குறுக்கே வந்தார்.

“அடிக்காத தாயி. எனக்கு மொத நாளே தெரியும். முப்பதுன்னு எழுதுற அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போவுது. போகட்டும்னு விட்டுட்டேன்.”

அக்கா நோட்டை மூடினார்.

“மாத்திரை போடுதீங்கள்ல?”

“போடாம என்னம்மா? ஒறக்கந்தான் இல்ல. சோறும் எறங்க மாட்டேங்கு.”

“பகல்ல என்ன செய்வீங்க?”

“செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

அக்கா தன் மிஷினைப் பைக்குள் வைத்தார். பிறகு, “நாளைக்கு வண்டி வருது. டாக்டர் பாத்துத்தான் மாத்திரையைக் கூட்டணும். வாங்க” என்றார்.

“பையன் வருத்தப்படுவானேம்மா.”

“அவர்ட்ட நான் பேசுதேன். நீங்க இல்லாம வரிசையில ஒருத்தரும் சண்டை போட மாட்டேங்காவ. எங்களுக்கே நல்லால்ல.”

தாத்தா சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சில மாதங்களில் எண்கள் மெல்ல இறங்கின. சோறும் தூக்கமும் திரும்பின. மாமாவும் சமாதானமாகிவிட்டார்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையை என்னால் மறக்க முடியவில்லை. இனி உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று முடிவுசெய்து, மிஷினும் நோட்டுமாகத் தாத்தாவிடம் போனேன். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம்ட்டி, நேரமாச்சு” என்றவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

பொய் எழுதியவளை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வகுப்பில் டீச்சர் கேட்டும் காரணம் சொல்லாமல் அழுதேன். அவசரமாகப் போக வேண்டிய இடம் ஒன்று தாத்தாவுக்கு மறுபடியும் கிடைத்திருந்தது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.